திரும்பி வரும் டப்பாக்கள்

“ஃப்ரிட்ஜைத் திறங்க, யேசொல் அம்மா.”

கேட்டேவிட்டேன். வேலையில் சேர்ந்த முதல் வாரமே எங்கள் மேலதிகாரி பியோன் மேடம் என்னை எதிரில் உட்காரவைத்துச் சொன்ன ஒரே எச்சரிக்கை இதைப் பற்றித்தான். “குழந்தையத் தூக்கு, எடை பாரு, அம்மாவோட விரல்ல குத்தி ரத்தம் பாரு. யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. ஃப்ரிட்ஜைத் திறன்னு மட்டும் ஒரு வீட்லயும் சொல்லிடாத. நாம வீடு வீடாப் போற நர்ஸுங்க, ரெய்டுக்கு வந்தவங்க இல்ல.”

யேசொல்லின் அம்மா உன்ஹே, குழந்தையைத் துணியால் முதுகில் கட்டியிருந்தாள். என் கேள்வி காதில் விழாததுபோலத் தண்ணீர்க் குழாயைத் திறந்து ஏற்கெனவே கழுவியிருந்த கோப்பையை மறுபடி கழுவினாள். முதுகில் யேசொல் தூங்கிக்கொண்டிருந்தது. தூங்கும் குழந்தையின் கால் குண்டாகத் தொங்கவேண்டும். இந்தக் காலில் மடிப்பே இல்லை.

“எதுக்கு நர்ஸம்மா?”

“சும்மா பாக்கணும்.”

சும்மா இல்லை. இரண்டு முறை வந்து எடை பார்த்தாகிவிட்டது, யேசொல் ஏறவில்லை. அம்மாவின் ரத்தம் ஒவ்வொரு முறையும் இன்னும் நீர்த்திருந்தது. தாய்ப்பால்தான் கொடுக்கிறாள். அப்படிக் கொடுப்பவளுக்கென்று எங்கள் சுகாதார மையத்திலிருந்து சத்துப் பெட்டி அனுப்பவைத்தது நான். முட்டை, பால், டின்னில் அடைத்த சூரை மீன், கறுப்பு பீன்ஸ், காய்ந்த கடற்பாசி. பெட்டி வந்து சேர்ந்தது உண்மை. தின்றவளின் உடம்பில் மட்டும் அது தெரியவில்லை.

இது எங்கள் மாதாந்திரக் கூட்டத்தில் பேசப்பட்டுவிட்டது. வட்டார அலுவலகத்தின் சமூகப்பணியாளர் மோக் சார் பேனாவைச் சுழற்றிக்கொண்டே சொன்னார், “முட்டை எங்க போகுது? செகண்ட் ஹேண்ட் ஆப்ல வித்துடுறாங்களோ என்னவோ. முன்னாடி ஒரு கேஸ் அப்படி இருந்துச்சு.” பிறகு பேனாவை மூடிவைத்தார். “அடுத்த கூட்டத்துக்குள்ள குழந்தை எடை ஏறணும். இல்லன்னா கொஞ்ச நாளைக்கு அதைக் காப்பகத்துல வைக்கிறதுதான் நல்லது.”

கொஞ்ச நாளைக்கு என்று சொல்லி எடுத்துப்போன குழந்தைகள் திரும்பி வர எவ்வளவு நாளாகும் என்று அந்த மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் கேட்டேன். அவள் விற்கிறாளா இல்லையா என்று தெரிந்தால் போதும் என்று நினைத்தேன்.

உன்ஹே கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

கதவில் முட்டை வைக்கும் குழிகள் எல்லாம் காலி. கீழ்த்தட்டு முழுக்கக் கிம்ச்சி, காரம் போட்டுப் புளிக்கவைத்த முட்டைகோஸ், யார் யாரோ கொடுத்தது. மேல்தட்டில் மூன்று டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஒன்றுக்குப் பச்சை மூடி, ஒன்றுக்கு நீலம், ஒன்றுக்கு மூடி உடைந்து மேலே பாலிதீன் தாள் இழுத்துக் கட்டியிருந்தது. ஒவ்வொன்றின் மேலும் மஞ்சள் துண்டுத்தாள் ஒட்டி, அழகான கையெழுத்தில் நன்றி எழுதியிருந்தாள்.

பச்சை மூடியைத் திறந்தேன். சோயா சாஸில் மெதுவாகக் கொதிக்கவிட்டு எடுத்த முட்டைகள், பளபளவென்று, மேலே எள் தூவி, பச்சை மிளகாயை ஒரே அளவில் சாய்வாக நறுக்கிப் போட்டு. நீல மூடிக்குள் சூரை மீன் அடை. தாள் கட்டியதற்குள் இனிப்பாக வேகவைத்த கறுப்பு பீன்ஸ்.

நான் அனுப்பிய பெட்டி முழுசாக அங்கேதான் இருந்தது. வேறு டப்பாக்களில் இருந்தது, அவ்வளவுதான்.

அந்த முட்டையை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தது மட்டுமா? போன கூட்டத்தில் மகளிர் சங்கத் தலைவி மல்சுக் அம்மா ஒரு பச்சை டப்பாவை நடு மேசையில் வைத்து, “எடுத்துக்கோ தக் நர்ஸ், எலும்பும் தோலுமா இருக்க. உன்னை யாரும் வீட்டுக்கு வந்து எடை பாக்க மாட்டாங்களா?” என்று சிரித்தார். யேசொல்லின் எடையைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது நான் அதில் இரண்டு தின்றேன். சாற்றில் விரலைத் தொட்டு நக்கினேன்கூட.

“இது யாருக்கு?” என்றேன், தெரிந்துகொண்டே.

“பச்சை மூடி மல்சுக் அம்மாவுக்கு. வாராவாரம் இந்த டப்பாவுல கிம்ச்சியும் காயும் கொண்டுவந்து தர்றாங்கல்ல. நீலம் சர்ச்சுக்கு. அது பக்கத்துச் சந்து அம்மாவுக்கு.”

“நீங்க என்ன சாப்பிடுறீங்க?”

“சோறு இருக்கு. கிம்ச்சி இருக்கு.”

“பால் குடுக்கிறவங்க வெறும் கிம்ச்சியா சாப்பிடுறது? காரம் வேற.”

“தண்ணில அலசிட்டுத்தான் சாப்பிடுறேன்.” சிரித்தாள். “மல்சுக் அம்மா வீட்டுக் கிம்ச்சிய அலசாட்டி யாராலயும் சாப்பிட முடியாது. உப்பு அப்படி.”

சந்தையில் சமைத்த பதார்த்தங்கள் விற்கும் ஒரு கடையில் வேலை பார்த்தவள். ருசி தெரியும். வயிறு வெளியே தெரிய ஆரம்பித்ததும் கடைக்காரர் வரவேண்டாம் என்றுவிட்டார். குழந்தையின் அப்பன் யாரென்று அவள் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

“யேசொல் அம்மா, முட்டைய நீங்க சாப்பிடணும்னுதான் அனுப்புறேன். டப்பாவைக் கழுவிக் குடுத்தாப் போதும்.”

“காலியாவா?” என்றாள். நான் ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்டதுபோல என்னைப் பார்த்தாள். “அத்தன படி ஏறி வர்றாங்க நர்ஸம்மா. முட்டியப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல மூச்சு வாங்குறாங்க. அவங்க கையில வெறும் டப்பாவை நீட்டணுமா? எங்கம்மா என்னை அப்படி வளக்கல.”

“உங்கம்மா உங்களை வீட்டுக்குள்ளயே விடலையே.”

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. என் வாய் அப்படி. அதை நேர்மை என்று நானே பெயர் வைத்துக்கொண்டிருந்த காலம் அது.

அவள் கோபப்படவில்லை. “அது வேற, இது வேற,” என்றாள். பச்சை மூடியை நான்கு பக்கமும் அழுத்தி மூடினாள். “அடுப்புல கடற்பாசி சூப் இருக்கு. ஒரு கிண்ணம் குடிச்சிட்டுப் போங்க.”

“வேண்டாம். போற வீட்ல எதுவும் சாப்பிடக் கூடாது, விதி.”

“தெரியும். ஒரு வாய் பார்லி தண்ணிகூடக் குடிச்சதில்ல நீங்க.” முதுகுத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். “அதனாலதான் எனக்கு உங்களைப் பாத்தா மட்டும் பயமா இருக்கு. மத்தவங்க வந்தா வந்துட்டுப் போன மாதிரி இருக்கும். நீங்க போனா, பாத்துட்டுப் போன மாதிரி இருக்கும்.”

நான் எடைக்கருவியைப் பையில் போட்டேன்.

“அங்க ஆபீஸ்ல சொல்லிடாதீங்க,” என்றாள் வாசலில்.

“பாக்கலாம்,” என்றேன்.

படியிறங்கும்போது கோபம் கோபமாக வந்தது. அவள்மேல் இல்லை. எங்கள் வீட்டிலும் இதுதானே? அம்மா சந்தையில் மீன் அறுக்கிறவள். பக்கத்து வீட்டுக் கிண்ணம் எங்கள் வீட்டுக்கு வந்தால், அதில் போட்டுக்கொடுக்க ஏதாவது கிடைக்கிறவரை அலமாரியில் காத்திருக்கும். ஒரு கிண்ணம் குளிர்காலம் முழுக்கக் கவிழ்ந்தே கிடந்தது. அம்மா அந்த வீட்டு வழியாக நடப்பதையே விட்டுவிட்டாள். என் குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவள் நான். வீட்டுக்கு வீடு சென்று குடும்பத்தின் நிலையை மதிப்பிடுவது எப்படி என்று ஒரு பருவம் முழுக்கப் படித்தேன். “டப்பாவைத் திருப்பும்போது வெறுமனே குடுக்கறதில்ல, நல்ல பொறுப்பான பொண்ணு” என்று மல்சுக் அம்மா கூட்டத்தில் சொன்னபோது, குடும்பம் தேறிவருகிறது என்று தலையாட்டியவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் அலமாரிக் கிண்ணம் அப்போது என் நினைவுக்கு வரவேயில்லை.

அடுத்த கூட்டத்தில் மேசையில் மறுபடியும் பச்சை டப்பா. காகிதக் கோப்பைகளில் காபி. மல்சுக் அம்மா சங்கத்தின் பச்சை மேல்சட்டையோடு வந்திருந்தார், கையில் சாப்ஸ்டிக்.

“இந்தத் தடவை கொஞ்சம் காரமாப் பண்ணுடின்னு சொல்லி அனுப்பியிருந்தேன். போட்டிருக்கா பாருங்க! என் மருமகளுக்கு இவ கைப்பக்குவத்துல பாதி வரக்கூடாதா?”

“மருமக காதுல விழுந்தா உங்களுக்குச் சோறு கிடைக்காது,” என்றார் மோக் சார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் டப்பாவை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். “இது யேசொல்லோட பால்,” என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. புரியும்படி சொன்னேன். எந்த முட்டை, யார் அனுப்பியது, யாருக்காக அனுப்பியது, அது எப்படி இந்த மேசைக்கு வந்தது, அவள் அங்கே என்ன தின்கிறாள். சத்தமாகச் சொன்னேன். “நாலு இடத்துலேர்ந்து அந்தப் படியேறினோம். ஒருத்தர் குடுத்ததை இன்னொருத்தர் வாங்கிட்டு இறங்கினோம். இதுக்குப் பேரு ஒருங்கிணைப்பு!”

மல்சுக் அம்மாவின் வாயில் பாதி முட்டை இருந்தது. அவரால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கையால் வாயை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார், கண்ணில் தண்ணீர் வழிய. அந்த முகத்தைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி வந்தது. அதை மறைக்கப்போவதில்லை.

மோக் சார்தான் முதலில் மீண்டார். “நல்லதாப் போச்சு. காரணம் தெரிஞ்சிடுச்சு. குழந்தையக் காப்பகத்துக்கு அனுப்புற பேச்சு இப்பத் தேவையில்ல. இனிமே தூக்கிப்போடுற டப்பாவுல குடுங்க, பிரச்சினை முடிஞ்சது.”

அவர் சொன்னதோடு முடிந்திருந்தால் ஒருவேளை சரியாகியிருக்கும். மல்சுக் அம்மாவால் முடித்துக்கொள்ள முடியவில்லை. மறுநாள் காலை சங்கத்துப் பெண்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு படியேறினார். நான் கேள்விப்பட்டு ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது உன்ஹேயின் வாசலில் பச்சை மேல்சட்டைகளாக நின்றன. முட்டைத் தட்டுகள், மாட்டிறைச்சி, பால், ஒரு மூட்டைக் கடற்பாசி. கதவு திறந்ததும் மல்சுக் அம்மா அந்தப் படியிலேயே குனிந்தார்.

“எங்கள மன்னிச்சிடும்மா! பால் குடுக்கிற பொண்ணோட சோத்தப் பிடுங்கித் தின்னுட்டோம்! என் தொண்டைக்குள்ள சோறு இறங்க மாட்டேங்குது!”

உண்மையான அழுகைதான். நடிக்கத் தெரியாத மனுஷி அவர். ஆனால் அந்தச் சந்தில் வீடுகள் ஒன்றின் தோள்மேல் ஒன்று ஏறி நிற்பவை. மேலே ஒரு ஜன்னல் திறந்தது, கீழே ஒன்று. மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஆள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

உன்ஹே எல்லாத் தலைகளையும் தாண்டி என்னைப் பார்த்தாள். பிறகு இடுப்பு மடிய, நெடுநேரம், எங்களுக்குத் தலைவணங்கினாள். நிமிர்ந்தாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

அதற்குப் பிறகு அது எங்களுக்குத் திறக்கவில்லை. முட்டையும் இறைச்சியும் வாசலிலேயே கிடந்தன, பூனைகள் வந்தன. அவளிடம் மீதி இருந்த டப்பாக்கள் எல்லாம் கழுவித் துடைத்து மறுநாள் வாசற்படியில் அடுக்கியிருந்தன. காலியாக. மேலே துண்டுத்தாள் எதுவும் இல்லை.

எத்தனையோ முறை போய் நின்றேன். “யேசொல் அம்மா, தக் நர்ஸ் வந்திருக்கேன். குழந்தைய மட்டும் ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்” என்பேன். உள்ளே நடமாட்டம் கேட்கும். ஒருநாள் குழந்தை அழுதது. அழுகையில் பலம் இருந்ததா என்று கதவில் காதை வைத்துக் கேட்டேன். இருந்ததுபோலத்தான் பட்டது. எடைக்கருவி பையில் இருந்தது, நடுவில் ஒரு கதவு.

அப்படி நின்றிருந்தபோதுதான் அந்தக் கடற்பாசி சூப் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்திருக்கலாம். நான் குடித்திருந்தால் அவளும் எதிரில் உட்கார்ந்து குடித்திருப்பாள். வந்தவர்களைத் தனியே சாப்பிடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. சாப்பிட்டுக்கொண்டே, “முட்டைய ஒண்ணு இதுல போடுங்க, எனக்கும் ஒண்ணு உங்களுக்கும் ஒண்ணு” என்று சொல்லியிருக்கலாம். டப்பா விவகாரத்தை அவளும் நானுமாக மெதுவாகப் பேசித் தீர்த்திருக்கலாம், யார் காதிலும் விழாமல். அந்த வீட்டில் அவளிடம் கொடுக்க இருந்தது அவள் கைச் சமையல் ஒன்றுதான். நான் அதைக் கூட்டத்தில் கொட்டிக் கவிழ்த்துவிட்டு, உண்மையைச் சொன்னேன் என்று இருந்துவிட்டேன்.

இன்றைக்கு அவசரக் கூட்டம். மேசையில் காபிகூட இல்லை. மல்சுக் அம்மா மேல்சட்டை போடாமல், சாதாரண ஸ்வெட்டரில், கைகளை மடியில் கோத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவர் இவ்வளவு சின்ன உருவம் என்று எனக்கு இதற்கு முன் தெரியாது.

“இதுக்கு மேல காத்திருக்க முடியாது,” என்றார் மோக் சார். “எடை குறைஞ்ச குழந்தை. யார் உதவியும் வேணாங்கிறாங்க. நாளைக்குக் காலையில குழந்தைப் பாதுகாப்பு ஆளுங்களோட போய்க் கதவைத் திறக்கவச்சு, குழந்தையக் கூட்டிட்டு வந்துடலாம். நர்ஸ் தரப்புலேர்ந்து ‘ஆபத்து’ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

பியோன் மேடம் என்னைப் பார்த்தார். “சொல்லிடு. உனக்கும் பாரம் குறையும்.”

“ஆபத்தா இல்லையான்னு எனக்குத் தெரியாது. நான் குழந்தையப் பாக்கலையே.”

“அதைத்தானே நாங்களும் சொல்றோம்.”

“இப்பப் போறேன்,” என்றேன். “திறக்கலன்னா, இல்ல குழந்தை மோசமா இருந்தா, அங்கேர்ந்தே நானே போன் பண்றேன். நீங்க காலைவரைக்கும் காத்திருக்க வேணாம்.”

“போய் என்ன பண்ணுவ?” மேடத்தின் குரல் உயர்ந்தது. “எத்தன தடவ போய் நின்ன?”

“அப்பல்லாம் குடுக்கப் போனேன்.”

“இப்ப?”

“பசிக்குது, சோறு போடுங்கன்னு கேக்கப் போறேன்.”

மோக் சார் சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

“உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?” என்றார் மேடம். “போற வீட்ல ஒரு மிட்டாய்கூட வாங்கக் கூடாது. இதைத் தெரிஞ்சே பண்ணினா என்னால உன்னைக் காப்பாத்த முடியாது. உன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற நேரம் இது. உங்கம்மா மீன் அறுத்துப் படிக்கவச்சது இதுக்கா?”

அந்த இடத்தில் அடி பட்டது. அம்மாவுக்கு என்ன சொல்வேன் என்று நேற்றிரவே யோசித்து முடித்துவிட்டேன், பதில் கிடைக்கவில்லை. கிடைக்காததால் முடிவு ஒன்றும் மாறிவிடவில்லை. காலையிலிருந்து வேண்டுமென்றே எதுவும் சாப்பிடாமல் இருந்தேன். பொய்ப் பசியோடு அந்த வாசலில் நிற்க எனக்கு மனசில்லை.

“தெரியும் மேடம்,” என்றேன். எடைக்கருவிப் பையைத் தோளில் மாட்டப்போனவள், அதை நாற்காலியிலேயே விட்டேன். குழந்தையைக் கையில் தூக்கினால் தெரிந்துவிடும். எடை என்னவென்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கதவருகே போனபோது மல்சுக் அம்மா எழுந்து நின்றார். அந்த அறையில் இன்றைக்கு அவர் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

“ஏ பொண்ணு. ஒரு வீட்டுக்குப் போற, வெறுங்கையோடவா போவ?”

திட்டுகிறாரா, பதறுகிறாரா என்று தெரியவில்லை. வழியில் எதையாவது வாங்கிக்கொள் என்று சொல்ல வந்திருக்கலாம். கை பழக்கத்தில் பக்கத்து நாற்காலியில் எதையோ தேடியது, அங்கே டப்பா எதுவும் இல்லை.

“ஆமாம்மா,” என்றேன். “வெறுங்கையோடதான்.”

வெளியே வந்தேன்.